போன் பலகையும் போத்தல் பெற்றோலும்

ஹட்டனிலிருந்து நுவரெலியா வரை எந்தப் பெற்றோல் செட்டில் வண்டியை நிறுத்தினாலும் கண்ணில் படுவது இரண்டு படங்கள். சிவப்பு வட்டத்துக்குள் சிகரெட், சிவப்பு வட்டத்துக்குள் கையடக்கத் தொலைபேசி. சில இடங்களில் கீழே ஒரு வரியும் சேர்ந்திருக்கும்: கேன்களுக்கும் போத்தல்களுக்கும் எரிபொருள் வழங்கப்படமாட்டாது. எண்ணெய் அடிக்கும் இடத்தில் பாதுகாப்பு என்றால் இவ்வளவுதான் என்று நம்மில் பெரும்பாலானோர் நம்பிவிட்டோம். இதையும் மீறி எங்காவது தோட்ட லயத்தில் பெற்றோல் தீப்பற்றி யாராவது கருகினால், "தோட்டத்து ஆட்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் விளங்காது" என்ற தீர்ப்பு கையோடு வந்துவிடும். டவுனில் கடை வைத்திருப்பவர் சொல்கிறார், தோட்ட அலுவலகத்தில் இருப்பவர் சொல்கிறார், லயத்தில் பிறந்து கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகளும் சொல்கிறார்கள்.

சிகரெட்டைப் பற்றி எனக்கு வாதமில்லை. போனைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் வெற்றுப் பயம். கேன் தடை, தான் தடுப்பதாக நாம் நம்பும் ஆபத்தையே வளர்க்கிறது. தோட்டத்து ஆட்களைப் பற்றிய அந்தத் தீர்ப்போ, செய்யவேண்டிய வேலையைச் செய்யாதவர்கள் ஒளிந்துகொள்ளும் மறைவிடம்.

போனிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதை நாமே நாடளவில் பரிசோதித்து முடித்துவிட்டோம். எரிபொருள் தட்டுப்பாட்டின் நடுவே, 2022 ஜூலையில் தேசிய எரிபொருள் அனுமதிப் பத்திரம் வந்தது. முச்சக்கர வண்டிக்கு வாரம் 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4, காருக்கு 20. பலர் கியூ.ஆர். படத்தைப் போனில் திறந்து நீட்டினார்கள். பம்ப் அடிக்கும் தம்பி இன்னொரு போனால் அதை ஸ்கேன் செய்ய வேண்டும். அதன் பிறகுதான் எண்ணெய். 2023 செப்டெம்பரில் முறை நிறுத்தப்படும்வரை, தலைக்கு மேலே போன் தடைப் பலகை தொங்க, அதன் கீழே நாடு முழுவதும் இது நடந்தது. பலகை சொன்னது உண்மையென்றால் அந்த ஓராண்டில் எத்தனை செட்டுகள் எரிந்திருக்க வேண்டும்? அரசாங்கமே போனை எடுக்கச் சொன்னபோது யாரும் அந்தப் பலகையைக் கழற்றவில்லை. அதைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை. நமக்குப் பலகைகள் பழகிவிட்டன.

இந்தப் பயம் இங்கே பிறந்ததல்ல. கைத்தொலைபேசிகள் புதிதாக வந்த காலத்தில் தயாரிப்பாளர்கள் முன்னெச்சரிக்கையாகக் கையேட்டில் ஒரு வரி போட்டார்கள். பிறகு ஷெல் நிறுவனத்தின் பெயரில் "போன் அடித்ததால் மூன்று இடங்களில் தீ" என்று மின்னஞ்சல் ஒன்று உலகைச் சுற்றியது. தாங்கள் அப்படி எதுவும் அனுப்பவில்லை என்று அந்த நிறுவனம் மறுத்தது. அமெரிக்காவின் பெற்றோலிய உபகரண நிறுவகம் எண்ணெய் அடிக்கும்போது நேர்ந்த தீ விபத்துகளை வருடக்கணக்கில் திரட்டியது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட அறிக்கைகளில் ஒன்றுகூடப் போனால் வந்தது என்று நிரூபணமாகவில்லை. அவற்றில் பெரும்பாலானவை உடம்பில் சேரும் நிலைமின்னால் வந்தவை. அங்கே வண்டிக்காரரே எண்ணெய் அடிக்கிறார். குழாயை டேங்கில் செருகிவிட்டுக் குளிருக்குப் பயந்து வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, ஆசனத்தில் உராய்ந்து இறங்கி வந்து மறுபடி குழாயைத் தொடுகிறார். விரலுக்கும் இரும்புக்கும் இடையே பொறி பறக்கிறது. அந்தப் பொறியின் சக்தி சில மில்லிஜூல்தான். பெற்றோல் ஆவிக்கு அதில் பத்திலொரு பங்கே போதும்.

நம் செட்டுகளில் அடிப்பவர் வேறொருவர் என்பதால் இந்த வகை விபத்துக்கு வாய்ப்புக் குறைவு. நுவரெலியாவின் ஈரக் காற்றும் மின் சேரவிடாது. ஆனால் ஜனவரி, பெப்ரவரியில் பனி கொட்டித் தேயிலை கருகும் வறண்ட காலைகளில், நைலோன் ஜேர்க்கினும் கம்பளிச் சுவெட்டருமாக நிற்கும் ஊர் இது. ஆகவே போனை அணைப்பதைவிட, குழாயைப் பிடிக்குமுன் வண்டியின் இரும்பைக் கையால் தொடுவது பயனுள்ளது. எந்தப் பலகையிலும் இது இல்லை. போனில் பேசிக்கொண்டு எண்ணெய் அடித்தால் கவனம் சிதறும், டேங்க் பொங்கும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். அது வேறு காரணம். அதற்கு வேறு படம் போட வேண்டும்.

சரி, எரிவது எது? திரவமான பெற்றோல் எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவி காற்றோடு கலந்து, நூறு பங்கில் சுமார் ஒன்றரைப் பங்கிலிருந்து ஏழரைப் பங்கு வரை இருக்கும்போது எரிகிறது. அதற்குக் கீழே பற்றாது. மேலே போனாலும் பற்றாது. மூடிய டேங்குக்குள் ஆவி மிதமிஞ்சி இருப்பதால் அது எளிதில் தீப்பிடிப்பதில்லை. ஆபத்து வாயில் இருக்கிறது: டேங்கின் வாய், கேனின் வாய், புனலின் வாய்.

மலைநாட்டில் இதற்கு மேல் இன்னொரு நம்பிக்கையும் ஊறிக்கிடக்கிறது. "இந்தக் குளிரில் பெற்றோல் எங்கே பற்றப்போகிறது?" மண்ணெண்ணெய்யையும் டீசலையும் வைத்துப் பழகியவர்கள் இப்படி நினைப்பது இயல்பு. மண்ணெண்ணெய் பற்றக்கூடிய அளவு ஆவியை வெளியிட ஏறக்குறைய 38 பாகை வெப்பம் வேண்டும், டீசலுக்கு அதற்கும் மேல். பெற்றோலுக்கு அந்த எல்லை சுழியத்துக்குக் கீழே 40 பாகை. நுவரெலியாவில் புல்லில் பனி உறையும் விடியலிலும் பெற்றோலுக்கு அது கோடைகாலம்தான்.

உயரம் வேறு தன் பங்கைச் செய்கிறது. நுவரெலியா டவுன் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கொழும்பைவிட ஐந்திலொரு பங்கு குறைவு. அவிசாவளையில் வாங்கிய சிப்ஸ் பக்கற் ஹட்டன் வரும்போது தலையணைபோல உப்பியிருப்பதைக் குழந்தைகளும் பார்த்திருக்கிறார்கள். கீழ்நாட்டில் இறுக மூடிய பெற்றோல் கேன் வண்டிச் சூட்டோடு மலையேறினால் அதேதான். லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து மூடியை ஒரே திருப்பில் திறந்தால், உஸ்ஸென்று ஆவியும் துளிகளும் முகத்தில் அடிக்கும். பக்கத்துக் குசினியில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.

இனிக் கேன் தடை. 2022 மார்ச்சில், தட்டுப்பாட்டால் நாடு முழுவதும் செட்டுகளில் வரிசைகள் நீண்டன. வரிசையில் நின்ற முதியவர்கள் மயங்கி விழுந்து இறந்தார்கள், செட்டுகளுக்கு இராணுவம் அனுப்பப்பட்டது, கேன்களில் எரிபொருள் கொடுப்பது நிறுத்தப்பட்டது. பதுக்கலையும் கறுப்புச் சந்தையையும் அடக்க வந்த கட்டளை அது; தீ விபத்தைத் தடுக்க வந்ததல்ல. நெருக்கடிக்கு நெருக்கடியின் மருந்து. அன்றைக்கு அது தேவையாக இருந்திருக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். வரிசை போன பிறகும் அந்தத் தடை நம் மனதில் பாதுகாப்பு விதியாக உருமாறி நின்றுவிட்டதுதான் சிக்கல். கேனைக் கொண்டுவருகிறவர் குற்றவாளி, மறுக்கிறவர் பொறுப்பானவர் என்றாகிவிட்டது.

கேனைக் கொண்டுவருகிறவர் யார் என்று பாருங்கள். மலைநாட்டில் பெற்றோல் செட்டுகள் டவுன்களில்தான் இருக்கின்றன: ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை. மேல் டிவிசன்களிலிருந்து டவுனுக்கு இறங்குவது கல்லும் குழியுமான தோட்டத்துப் பாதையில், பஸ் ஒழுங்காக வராத வழியில். நடு இரவில் பிள்ளைப்பேறு வலி எடுத்தாலும், மலையில் குளவி கொட்டினாலும் லயத்தின் அம்புலன்ஸ் அங்கே நிற்கும் முச்சக்கர வண்டிதான். அந்த ஆட்டோக்காரத் தம்பி ஒரு லீற்றரைக் கையிருப்பில் வைத்திருப்பது முன்யோசனை; சட்டத்தை மதிக்காத குணமல்ல. லீக்ஸ், கரட், உருளைக்கிழங்குத் தோட்டக்காரருக்குத் தண்ணீர் பம்ப் ஓட வேண்டும். புல் வெட்டும் இயந்திரம், மருந்தடிக்கும் இயந்திரம், அண்மைக் காலத்தில் கொழுந்து வெட்டும் இயந்திரம் எல்லாம் பெற்றோலில் ஓடுகின்றன. புல்வெட்டும் இயந்திரத்தை முதுகில் கட்டிக்கொண்டு செட்டுக்கு வந்து வரிசையில் நிற்கச் சொல்வீர்களா?

விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022 ஜூன் கடைசியில் ஒக்டேன் 92 ஒரு லீற்றர் 470 ரூபா. அன்றைக்குத் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,000 ரூபா. அரை நாள் கொழுந்து பறித்தால் ஒரு லீற்றர். இப்படி வாழ்கிறவர் டேங்கை நிரப்பி வைத்திருக்க மாட்டார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாங்குவார்.

ஆகவே தேவை அப்படியே இருக்கிறது. தடை என்ன செய்கிறது? பாத்திரத்தை மாற்றுகிறது. பச்சை நிற ஐந்து லீற்றர் கேனைப் பார்த்தால் "கேனுக்கு அடிக்க ஏலாது தம்பி" என்பார்கள். அதே ஆள் டேங்கில் அடித்துக்கொண்டு போய், வளைவு தாண்டி வண்டியை ஓரங்கட்டி, ரப்பர் குழாயை டேங்குக்குள் விட்டு வாயால் உறிஞ்சி ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலில் இறக்கிக்கொள்வார். செட்டில் வெளிச்சமும் மணல் வாளியும் தீயணைப்பானும் பழகிய கையும் இருந்தன. வீதியோரத்தில் சூடான எஞ்சினும், வாய்க்குள் போகும் பெற்றோலும், கையில் சிந்தியதைத் துடைத்துவிட்டு அடுத்த நிமிடமே பீடி பற்றவைக்கும் கூட்டாளியும்தான். ஆபத்தை நாம் ஒழிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத வளைவுக்கு அப்பால் தள்ளிவிட்டோம்.

தண்ணீர்ப் போத்தலைப் பற்றியும் மிகைப்படுத்தத் தேவையில்லை. பெற்றோல் ஊற்றிய உடனே அது உருகிவிடும் என்பார்கள், அப்படி உருகாது. அதன் குறை வேறு. சுவர் மெல்லியது, மிதித்தால் நசுங்கும். மூடி தண்ணீருக்கு அளந்தது, ஆவிக்கு அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, அதைப் பார்க்கும் யாருக்கும் உள்ளே இருப்பது பெற்றோல் என்று தெரியாது. தாகத்தோடு பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்குத் தெரியாது; இருட்டில் விளக்குக்கு மண்ணெண்ணெய் தேடும் பாட்டிக்கும் தெரியாது.

அந்தப் போத்தல் எங்கே போய் வைக்கப்படுகிறது? வெள்ளைக்காரன் காலத்து லயத்தின் காம்பரா 10 அடிக்கு 12 அடி. ஒரு லீற்றர் பெற்றோல் முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 200 லீற்றர் ஆவி. அது காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது, மேலே எழாது, தரையோடு படியும். கதவு சாத்திய காம்பராவில் அது முழங்கால் உயரத்துக்குப் பரவி நின்றால், கலவை நூற்றுக்கு நான்கு பங்கு. மேலே சொன்ன ஒன்றரைக்கும் ஏழரைக்கும் நடுவே, பற்றுவதற்கு மிகத் தோதான இடம். முழங்கால் உயரத்தில்தான் விறகடுப்பும் இருக்கிறது. கூரை பொதுவானது, தடுப்புச் சுவர் பல இடங்களில் கூரைவரை ஏறுவதில்லை. ஒரு வீட்டில் பற்றியது வரிசை முழுவதற்கும் சொந்தமாகிவிடும். மலைச்சரிவில் படிப்படியாகக் கட்டிய லயங்களில் மேல் வரிசையில் சிந்தியதன் ஆவி கான் வழியாகக் கீழ் வரிசைக்கு இறங்கும். தீயணைப்பு வண்டி டவுனிலிருந்து புறப்பட்டு அந்தப் பாதையில் ஏறி வந்து சேர்வதற்குள் மிஞ்சுவது தகரம்.

படிக்காதவர்கள் என்பதால்தான் இப்படி என்று சொல்பவர்களை இங்கிலாந்துக்கு அழைத்துப்போக விரும்புகிறேன். 2012 மார்ச்சில் அங்கே பவுசர் சாரதிகள் வேலைநிறுத்தம் செய்யக்கூடும் என்ற பேச்சு எழுந்தது. அமைச்சர் பிரான்சிஸ் மோட், வீட்டுக் கராஜில் ஒரு கேன் பெற்றோல் வைத்துக்கொள்வது நல்லது என்று மக்களுக்குச் சொன்னார். சில நாட்களுக்குள் யோர்க் நகரில் ஒரு பெண் சமையலறையில் பெற்றோலை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, எரிந்துகொண்டிருந்த கேஸ் அடுப்பிலிருந்து தீ பாய்ந்து கடுமையாகக் காயமடைந்தார். லயமில்லை, கல்வியறிவுக் குறைவில்லை, பொகவந்தலாவையும் இல்லை. குசினியில் பெற்றோல் ஊற்றினால் யார் வீட்டிலும் இதுதான் நடக்கும். அதற்குப் பிறகும் பிரித்தானியா கேனைத் தடைசெய்யவில்லை. 2014 ஒழுங்குவிதிகள் பிளாஸ்ரிக் கேன் 10 லீற்றர் வரை, உலோகக் கேன் 20 லீற்றர் வரை என்று அளவும் தரமும் வகுத்து அனுமதிக்கின்றன. அமெரிக்காவோ 2020இல், கேன் வாயில் தீ உள்ளே போகாமல் தடுக்கும் வலையை வைக்கத் தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்தும் சட்டத்தைக் கொண்டுவந்தது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. மின்சாரம் இல்லாத வீடுகளில் குப்பி லாம்பு சரிந்து பிள்ளைகள் கருகிய கதை நம் நாட்டில் பல தலைமுறைப் பழக்கம். அப்போதும் "கவனமாக இருங்கள்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர தீக்காயங்களுக்குக் கட்டுப்போட்டுச் சலித்து, வேறொரு கேள்வி கேட்டார்: குப்பி ஏன் சரிகிறது? மார்மைட் போத்தலின் குட்டையான உடம்பைப் பார்த்து, தடித்த கண்ணாடி, திருகி மூடும் உலோக மூடி, உருளாதபடி இரண்டு தட்டைப் பக்கங்கள் என்று ஒரு விளக்கை வடிவமைத்தார். அதற்கு 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஏழை வீட்டுக்கு உபதேசம் அனுப்புவதற்குப் பதில் நல்ல போத்தலை அனுப்பினார் அந்த மனிதர். பெற்றோல் விஷயத்தில் நாம் இன்னும் உபதேசத்திலேயே நிற்கிறோம். அதுவும் தவறான பொருளைப் பற்றி.

"இந்தியாவில்போல சி.என்.ஜி. வந்துவிட்டால் தொல்லை தீரும்" என்று ஒரு சாரார் சொல்வார்கள். வாகனத்துக்கு இயற்கை வாயு அடிக்கும் வசதியே நம் நாட்டில் இல்லை என்பதால் இதில் அதிகம் நிற்க வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். அங்கே 200 பார் அளவு அழுத்தத்தில் வாயுவை ஏற்றுகிறார்கள். அடிக்குமுன் ஆட்டோவிலும் காரிலும் உள்ளவர்கள் எல்லோரும் இறங்கி நிற்க வேண்டும். குழாய் வாயில் பொருந்திப் பூட்டினால்தான் வாயு பாயும். யாரும் அதைப் போத்தலில் வாங்கிப் போக முடியாது. பாதுகாப்பை இயந்திரத்தின் வாயிலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளரின் நல்ல புத்தியை நம்பி விடவில்லை.

பெற்றோல் செட்டில் நாம் கண்டும் காணாமல் விடுபவற்றையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் சைக்கிளில் கால்களை விரித்து உட்கார்ந்தபடியே டேங்கைத் திறந்து நீட்டுகிறோம். சிந்தினால் விழுவது மடியிலும் சூடான எஞ்சினிலும். இறங்கி நின்றால் ஒரு நிமிடம்கூடச் செலவாகாது. முச்சக்கர வண்டியில் எஞ்சினும் டேங்கும் பின்பக்கத்தில் அருகருகே; கினிகத்தேனை ஏற்றத்தை ஏறி வந்த எஞ்சினை ஆறவிடாமலே அடிக்கச் சொல்கிறோம், பின் சீற்றில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். சிவனொளிபாதமலைப் பருவத்தில் நல்லதண்ணி வழியில் வரிசைகட்டும் வான்களில் ஒன்றாவது எஞ்சினை அணைத்துவிட்டு எண்ணெய் அடிப்பதைப் பார்த்தால் அந்தச் சாரதிக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுக்கலாம். இவற்றைப் பற்றி யாரும் வட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. "வெயில் காலத்தில் டேங்க் நிறைய அடித்தால் வெடிக்கும், இந்தியன் ஒயில் எச்சரிக்கை" என்ற பொய்யைத்தான் அனுப்புகிறார்கள். அந்த நிறுவனம் அதை மறுத்தது. வண்டி செய்கிறவர்கள் வெப்பத்தில் விரியும் அளவையும் கணக்கிட்டே டேங்கைச் செய்கிறார்கள். வெற்றிடம் விடவேண்டியது கேனில். அதற்கு வட்ஸ்அப் இல்லை.

கேனுக்கு அடிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. கேனை ஆட்டோவின் ரெக்சின் சீற்றிலோ ரப்பர் விரிப்பிலோ வைத்து அடிக்கக் கூடாது. பாயும் பெற்றோலில் சேரும் மின்னூட்டம் தரைக்கு இறங்க வழியில்லாமல் அங்கேயே நிற்கும். பிளாஸ்ரிக் விரிப்புப் போட்ட பிக்கப் வண்டிகளில் இப்படித் தீப்பிடித்ததை வைத்து அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிறுவகம் 1998இலேயே எச்சரித்தது. கேன் தரையில் இருக்க வேண்டும், குழாயின் மூக்கு கேனின் கழுத்தைத் தொட்டபடி இருக்க வேண்டும், மெதுவாக அடிக்க வேண்டும், மேலே கொஞ்சம் இடம் விட்டு மூட வேண்டும். பம்ப் அடிக்கும் தம்பிக்கு ஒரு காலையில் கற்றுக்கொடுத்துவிடலாம். இன்று அவருக்கு நாம் கற்றுக்கொடுத்திருப்பது "ஏலாது" என்ற ஒரு சொல்.

நான் கேட்பது பெரிய காரியமல்ல. பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் லங்கா ஐ.ஓ.சி.யும் சினோபெக்கும் மலைநாட்டுச் செட்டுகளில் ஐந்து லீற்றர் தரமான கேனை முற்பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கட்டும். பழைய கேனைத் திருப்பினால் பணத்தைத் திருப்பட்டும். அந்தக் கேனுக்கு மட்டும் அடிக்கட்டும், போத்தலுக்குத் தடை இருக்கட்டும். தொழிற்சாலைக்கு டீசல் வைக்கத் தனி இடம் கட்டத் தெரிந்த தோட்டக் கம்பனிகள், ஒவ்வொரு டிவிசனிலும் பூட்டுப் போட்ட, காற்றோட்டமுள்ள சீமெந்துப் பெட்டி ஒன்றைக் கட்டித் தரட்டும். அதை லயத்துக்கும் பிள்ளை மடுவத்துக்கும் கீழ்ப்பக்கம் கட்ட வேண்டும், மேலே அல்ல. ஆவி இறங்குமே தவிர ஏறாது. திறப்பு ஆட்டோக்காரர்களிடமும் தோட்டத் தலைவரிடமும் இருக்கலாம். கம்பனிக்குச் செலவு என்பார்கள். ஒரு லய வரிசை எரிந்தால் எத்தனை குடும்பம் கோயில் மண்டபத்திலும் பள்ளிக்கூடத்திலும் மாதக்கணக்கில் கிடக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியும். அந்தச் செலவு அவர்கள் கணக்கில் விழாததுதான் அவர்கள் வசதி.

"கேனைத் திறந்துவிட்டால் பதுக்கல் திரும்பும்" என்பது கடைசி ஆட்சேபம். வரிசையில்லாத காலத்தில் ஐந்து லீற்றரைப் பதுக்கி யாரும் பணக்காரராக முடியாது. தட்டுப்பாடு மறுபடி வந்தால்? கேனுக்கும் ஓர் இலக்கம் குத்தி, வண்டிக்கு அளந்ததுபோல வாரக் கணக்கில் அளந்து கொடுங்கள். 2022இல் முச்சக்கர வண்டிக்கு வாரம் 5 லீற்றர் என்று நாடு முழுவதும் அளக்கத் தெரிந்திருந்ததே.